அப்பாவின் மாருதி 800: பட்டி போட்ட இடமெல்லாம் மறுபடி துரு, எங்கிருந்து தொடங்குவது?

செம்பூர் மழை
2024 அக்டோபர் 20, இரவு 10.15

வணக்கம். வண்டி 1999 டிசம்பரில் பதிவான மாருதி 800, வெள்ளை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. இப்போது அவருக்கு 76 வயது. கோயிலுக்கும் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கும் இன்னும் அதில்தான் போகிறார். மொத்தமே 71,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பாடிதான் போய்க்கொண்டிருக்கிறது.

போன வருஷம் நவம்பரில் இடது பக்க ரன்னிங் போர்டிலும் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி) பின்சக்கர வளைவிலும் துரு தெரிந்தது. பக்கத்தில் ஒரு டெண்டிங் பெயிண்டிங் கடையில் விட்டோம். 16,000 ரூபாய் ஆனது. வந்தபோது பளபளவென்று இருந்தது. ஜூலையில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. பிள்ளையார் சதுர்த்திக்குள் அது சுண்டைக்காய் அளவானது. நேற்று ஈரத்துணியால் துடைத்தேன், பெயிண்ட் பொலபொலவென்று உதிர்ந்து சுண்டுவிரல் உள்ளே போய்விட்டது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு எங்குமே ஒட்டவில்லை, வழுக்கி விழுகிறது. அவ்வளவும் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை.

இன்னொன்று. மழை நின்று இத்தனை நாளாகியும் முன்பக்கம் இடது கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே கார்ப்பெட் ஈரமாகவே இருக்கிறது. வண்டிக்குள் ஏறினாலே ஊறிய சாக்கு வாடை.

டிசம்பரில் மறுபதிவு வருகிறது. இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, என்ன கேட்டு வேலை வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலி லோக்கல்
அக்டோபர் 20, இரவு 11.02

என் மாருதி ஆம்னி வேனின் கதவுக்கு அடியில் இதே மாதிரி ஓட்டை விழுந்தது. துருவைச் சுரண்டிவிட்டு ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டினேன், மேலே எம்சீல் பசை, அப்புறம் ஸ்ப்ரே பெயிண்ட். மொத்தச் செலவு 900 ரூபாய்தான். மூன்று மழை பார்த்துவிட்டது, இன்னும் நிற்கிறது. கடைக்குக் கொடுத்துப் பணத்தை இழப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாமே செய்யலாம்.

கோலிவாடா டிங்கர்
அக்டோபர் 21, காலை 6.30

தங்கச்சி, அவசரப்பட்டு யாரிடமும் வண்டியை விட்டுடாதே. சயான் கோலிவாடாவில் 34 வருஷமாக டிங்கரிங் (வண்டித் தகடு வெட்டி, ஒட்டி, தட்டும்) வேலை பார்க்கிறேன், முக்கால்வாசியும் டாக்ஸி. குர்லா பிரீமியர் ஃபேக்டரியில் செய்த பத்மினி கார் எத்தனையோ என் கையில் தளம் மாறியிருக்கிறது. அந்த டாக்ஸிகளுக்கு 20 வருஷ வரம்பு, கடைசியாகப் பதிவானவை 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டன. அந்த வண்டிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். துருவைப் பார்க்காதே, தண்ணீர் வந்த வழியைப் பார்.

டோம்பிவிலி தம்பி சொன்னது கதவுக்குச் சரி. கதவின் கீழ்த் தகடு கண்ணாடியையும் மழையையும்தான் தாங்குகிறது. ரன்னிங் போர்டு அப்படியில்லை. மாருதி 800க்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் சட்டம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வண்டியை வளையாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ரன்னிங் போர்டுப் பெட்டிதான். ஜாக்கி வைக்கும் இடமும் அதில்தான் இருக்கிறது. ஃபைபரை வைத்து அதை மூடினால் பார்வைக்கு மூடியிருக்கும், பலம் இருக்காது.

கொப்புளம் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயிருந்து வருகிறது. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும், அந்த உப்பல்தான் பெயிண்ட்டைத் தள்ளுகிறது. வெளியே மிளகு தெரிந்தால் உள்ளே ஒரு உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள். உன் கடைக்காரர் துருவின் மேலேயே பட்டி இழுத்திருக்கிறார். பட்டி தண்ணீரைக் குடிக்கும். உள்ளேயிருந்து வரும் ஈரத்தை அது பஞ்சு மாதிரி வாங்கித் தகட்டோடு அணைத்து வைத்துக்கொள்ளும்.

செலவில்லாமல் நீயே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரன்னிங் போர்டு முழுவதும் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு 'டிங்' என்று பேசும். போன தகடு 'டொப்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்து. உள்ளே போனால் போகட்டும், அது ஏற்கெனவே போன இடம். அப்புறம் நான்கு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும், ஒரு கம்பியை விட்டுப் பார். ரன்னிங் போர்டின் அடியிலும் இருக்கும். கடைசியாக பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பார். அதில் ஒரு மக் தண்ணீர் ஊற்று, உள்ளே ஒரு ஆளை உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்.

பார்த்துவிட்டு எழுது. அதற்கு முன் எந்தக் கடையிலும் விலை பேசாதே.

செம்பூர் மழை
அக்டோபர் 22, இரவு 9.40

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். வண்டியை வருஷக்கணக்காகக் குல்மொஹர் மரத்தடியில்தான் நிறுத்துகிறோம். வைப்பர் தொட்டிக்குள் அந்தப் பொடி இலை மட்கி, காப்பித் தூள் மாதிரி கறுப்பாக நான்கு விரல் ஆழத்துக்குக் கிடந்தது. அதற்குள் ஒரு அரசங்கன்று, இரண்டு இலையோடு. கையாலேயே அள்ளினேன், ஒரு பால் பாக்கெட் கவர் நிறைய வந்தது.

அள்ளுவதற்கு முன்பு ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். அப்பா உள்ளே டார்ச்சோடு இருந்தார். பத்து எண்ணுவதற்குள் "இந்தா வருது, இந்தா வருது" என்றார். காற்று உள்ளே வரும் வழியாகத் தண்ணீர் ஏறி இடது கால் பக்கம் சொட்டியது. அள்ளிய பிறகு ஊற்றினால் உள்ளே ஒரு சொட்டு இல்லை, எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் போய் விழுகிறது. இத்தனை வருஷமாக அந்த கார்ப்பெட் நனைந்தது இதனால்தான்.

இன்னொன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. இடது ரன்னிங் போர்டின் அடியில் நான்கு ஓட்டை. நான்கையும் போன வருஷம் அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தினேன். முதல் ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கையில் வழிந்தது. மழை நின்ற பிறகு, வெயிலில் நின்ற வண்டியில். அவ்வளவு நாளும் உள்ளேயே நின்றிருக்கிறது.

தட்டிப் பார்த்ததில் இடது பக்கம் முன் கதவுக்குக் கீழே தொடங்கிப் பின்சக்கரம் வரை பாதிக்கு மேல் 'டொப்'. வலது பக்கம் பின்முனையில் மட்டும். தளத்தில் இடது முன்பக்கம் ஸ்க்ரூடிரைவர் இரண்டு இடத்தில் உள்ளே போனது.

டோம்பிவிலி லோக்கல்
அக்டோபர் 22, இரவு 10.05

டிங்கர் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ரன்னிங் போர்டு என்று சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன். இப்போதே போய் என் ஆம்னியின் கதவு ஓட்டைகளைப் பார்க்கிறேன்.

ஆர்.கே.புரம் தமிழன்
அக்டோபர் 23, காலை 8.20

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இங்கே இந்த யோசனைக்கே இடமில்லை. இன்றைய (2024) விதிப்படி பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம், அதோடு சரி. பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. என் 2003 மாருதி ஜென் கார் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் இருந்தது, இங்கே காற்றில் உப்பு இல்லையே. அதைத்தான் நான் வேறு மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வழி இருக்கிறது. காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள்.

முலுண்ட் பெயிண்ட் கவுன்ட்டர்
அக்டோபர் 23, மதியம் 2.10

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 25 வருஷ வண்டிக்கு இவ்வளவு செய்வது சரிதானா? மறுபதிவுக் கட்டணமே 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது, மகாராஷ்டிராவில் சுற்றுச்சூழல் வரி தனி. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள், புது வண்டி வாங்கும்போது வரியில் சலுகை உண்டு. எந்த அளவுக்குத் துரு இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று டிங்கர் அண்ணன் சொன்னால் எல்லாருக்கும் உதவும்.

கோலிவாடா டிங்கர்
அக்டோபர் 23, இரவு 9.15

நியாயமான கேள்வி. நான் மூன்று இடம் பார்ப்பேன். முன் சஸ்பென்ஷன் மேலே வந்து பாடியோடு சேரும் டவர், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடம். இந்த மூன்றில் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் வண்டிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் கோணம் பார்த்து வைக்க ஜிக் (பாடியை அளவு மாறாமல் பிடித்து நிறுத்தும் சட்டம்) வேண்டும். அது என்னிடமும் இல்லை, பெரும்பாலான தெருக்கடையிலும் இல்லை. பிரேக் பைப் ஓடும் வரிசையையும் பார்க்க வேண்டும், தளம் துருப்பிடித்த வண்டியில் பைப்பும் பிடித்திருக்கும்.

ரன்னிங் போர்டு, தளம், சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பேட்டரித் தட்டு, இதெல்லாம் வெட்டி மாற்றுகிற இடம். தங்கச்சி, உன் வண்டியில் டவர் எப்படியிருக்கிறது என்று ஒரு நாள் கொண்டுவந்து காட்டு. பார்ப்பதற்குக் காசில்லை.

தானே வெல்டிங்
அக்டோபர் 24, காலை 7.45

ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டிங் பார்ப்பவன். இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று, கேஸ் வெல்டிங் வேண்டாம், மின்சாரத்தில் கம்பியை உருக்கி ஒட்டும் சிஓ2 வெல்டிங் உள்ள இடத்தில் கொடுங்கள். இந்த வண்டியின் தகடு முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். கேஸ் சுடர் பட்டால் சுற்றிலும் ஒரு சாண் சிவந்து நெளியும், அதை மூட மறுபடி பட்டி ஏறும். உள்பக்கம் மிச்சமிருந்த பெயிண்ட்டும் கருகிவிடும், அங்கேதான் அடுத்த துரு தொடங்கும். சிஓ2வில் 0.8 மில்லி கம்பி வைத்து, ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தால் தகடு சூடே ஆகாது. ஒரே இழுப்பில் கோடு போடக் கூடாது.

இரண்டு, வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 1999 வண்டியில் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்) என்றால் அதைக் கட்டுப்படுத்தும் கணினி, இசியு, உள்ளே இருக்கிறது. பெட்ரோல் டாங்கும் பைப்பும் பக்கத்தில் இருந்தால் இறக்கியே ஆக வேண்டும். கார்ப்பெட், சீட், தளத்தில் ஒட்டிய தார்ப் பட்டை, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அடியில் வெல்டிங் பொறி பட்டு உள்ளே கார்ப்பெட் புகைந்த சம்பவம் என் கண்முன் நடந்தது. பக்கத்தில் ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும்.

துருப்பிடிக்காது என்று சொல்லி, துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு போடலாம் என்பார்கள். வெல்டிங் போடும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொடுக்கும், பற்றும் சரியாக வராது. சாதாரண சிஆர் (பூச்சில்லாத இரும்பு) தகடு, 20 கேஜ் கனம் போதும்.

கோலிவாடா டிங்கர்
அக்டோபர் 24, இரவு 8.50

தம்பி சொன்னது எல்லாம் சரி, கேஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. கேஸில் போட்ட ஒட்டைச் சுத்தியலும் டாலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டி நேராக்கலாம், அது இளகியிருக்கும். அந்தக் கைவேலையில்தான் நாங்கள் வளர்ந்தோம். சிஓ2 ஒட்டு கெட்டி, தட்டினால் கேட்காது, கிரைண்டர்தான் போட வேண்டும். ஆனாலும் ரன்னிங் போர்டுக்கு இப்போது நானும் சிஓ2தான். மூடிய பெட்டிக்குள் கருகினால் கை விட்டுச் சரிசெய்ய முடியாது என்று அவர் சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு உண்மை.

செம்பூர் மழை
நவம்பர் 10, இரவு 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளி முடிந்து வண்டியை அண்ணாச்சியிடமே விட்டேன். டவர் இரண்டும் திடமாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அப்பா தூங்கினார்.

இன்று இடது ரன்னிங் போர்டை வெட்டினார்கள், நானும் அப்பாவும் பக்கத்திலேயே இருந்தோம். அதற்கு முன்பு அண்ணாச்சி செய்தது இதுதான். வண்டியை நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்கவைத்தார். இரண்டு கதவையும் மூடி, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று அளந்து சாக்பீஸால் கண்ணாடியிலேயே எழுதினார். அப்புறம் கதவுகளைக் கழற்றி, வாசலின் குறுக்கே இரும்புக் கோணம் ஒன்றைப் பொட்டு வெல்டிங்கில் டேக் வைத்தார். இந்தப் பக்கம் முழுதாக முடியும்வரை அந்தப் பக்கம் கை வைக்க மாட்டேன் என்றார். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாதாம்.

கட்டிங் வீல் வைத்து வெளித்தகட்டைத் திறந்ததும் உள்ளே துருப் பொடி இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது களிமண். காய்ந்து, அடுக்கடுக்காக வெடித்து, குளம் வற்றினால் அடியில் கிடக்குமே அந்த மாதிரி. ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். நடுவில் ஈரமாக, சாம்பல் நிறத்தில், ஒரு சின்ன சிப்பி ஓடும் பிளாஸ்டிக் கவர் துண்டும் இருந்தன.

அப்பா அதைப் பார்த்ததும், "இது மிட்டி ஆற்று மண்" என்றார். 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். அப்பா காலினா பக்கம் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தார். மிட்டி ஆறு பெருகி வண்டிக்குள் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து நடந்து, மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார். வண்டியைப் பிறகு கட்டி இழுத்து வந்து, இன்ஜின் ஆயில் மாற்றி, சீட் காயவைத்து ஓட்டினோம். ரன்னிங் போர்டுக்குள் மண் போயிருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 19 வருஷம் அதைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறது.

அண்ணாச்சி அதை அள்ளித் தராசில் வைத்தார். இடது பக்கம் மட்டும் இரண்டே கால் கிலோ.

தானே வெல்டிங்
நவம்பர் 11, காலை 7.10

அன்றைக்குக் கடலில் பெரிய ஓதம். மாஹிம் முகத்துவாரத்தில் வெள்ளம் வெளியேற முடியாமல் திரும்பியது. அந்த மண்ணில் கடல் உப்பு கண்டிப்பாக இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கோடையில்கூட உள்ளே முழுதாகக் காய்ந்திருக்காது. புதுத் தகடு போடுமுன் உள்பக்கத்தை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி, வெப்பக் காற்று விட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள். உப்பின் மேல் என்ன பிரைமர் அடித்தாலும் கொப்பளிக்கும்.

2005 வெள்ளத்தில் முங்கிய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ரன்னிங் போர்டின் ரப்பர் மூடியைக் கழற்றி ஒரு விரலை விட்டுப் பாருங்கள்.

செம்பூர் மழை
நவம்பர் 11, இரவு 10.00

கழுவியாகிவிட்டது, இன்று நாள் முழுக்கக் காய்ந்தது. உள்தகட்டில் இரண்டு இடத்தில் ஒட்டு வைத்திருக்கிறார்கள். வெளித்தகட்டை குர்லா சிஎஸ்டி ரோட்டில் ரெடிமேடாக வாங்கினோம். அதை வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி கடைக்காரரிடம் சொல்லி, பொருந்தாவிட்டால் திருப்பிக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் பணம் கொடுத்தார். வளைவு ஒரு இடத்தில் மூன்று மில்லி தள்ளியிருந்தது, தட்டிச் சரிசெய்துவிட்டார்.

சின்ன சாமான்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேட்டரித் தட்டு, ஸ்டெப்னி கிளாம்ப், சீட் போல்ட்டுகள். வாணிக் கடையில் (மளிகைக் கடை) நிம்பு பூல் கேட்டால் தருவார்கள், எலுமிச்சை உப்பு என்று அம்மா சொல்வது, சிட்ரிக் அமிலம்தான். லிட்டருக்கு 50 கிராம் வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ராத்திரி ஊறவைத்தேன். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வந்து, கீழே சாம்பல் நிற இரும்பு பளிச்சென்று தெரிந்தது. சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே ஹேர் டிரையரால் காயவைத்தேன். ஒரு போல்ட்டை மட்டும் மறந்து சிங்க்கில் விட்டுவிட்டேன், சாயங்காலத்துக்குள் ஆரஞ்சாகிவிட்டது. இந்த ஊர்க் காற்று அப்படி.

முலுண்ட் பெயிண்ட் கவுன்ட்டர்
நவம்பர் 12, காலை 11.30

அந்த ஒரு போல்ட் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கிரைண்டர் போட்டு வெள்ளையாக்கிய தகட்டை ராத்திரி முழுக்க அப்படியே விடக் கூடாது. அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள். நீங்கள் நவம்பரில் செய்கிறீர்கள், நல்ல நேரம். பிப்ரவரி வரை இங்கே இதற்குத் தோதான காலம்.

சிவப்பு ரெட் ஆக்சைடு வேண்டாம், ஜன்னல் கம்பிக்கு அது போதும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் வாங்குங்கள். ரெட் ஆக்சைடு ஈரத்தை விடும், எபாக்ஸி விடாது. 80 நம்பர் உப்புத்தாளில் சுரண்டி, 180இல் தேய்த்து, மெழுகு நீக்கும் சால்வென்ட்டால் துடைத்து, காய்ந்ததும் எபாக்ஸி இரண்டு கை. கலந்த பிறகு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள், அவசரத்தில் பல கடையில் இதை விட்டுவிடுகிறார்கள்.

துருவைக் கறுப்பாக்கும் ரஸ்ட் கன்வர்ட்டரைக் கை போகாத மூலைகளில் மட்டும் பயன்படுத்துங்கள். பாஸ்பாரிக் அமிலம் உள்ளதாக இருந்தால், கழுவாமல் அதன் மேலே எபாக்ஸி அடித்தால் பிடிக்காது, உரிந்து வரும். டப்பாவின் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுச் செய்யுங்கள். உதிரும் துருவின் மேல் எதுவும் வேலை செய்யாது.

மேல் பெயிண்ட் 2கே (ஹார்டனர் கலந்து அடிப்பது) என்றால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. துணி முகமூடி அதற்குப் போதாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். மூச்சிரைப்பு வந்து இந்த வேலையையே விட்ட பெயிண்டர்கள் என் கவுன்ட்டருக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவை அன்றைக்கு அங்கே உட்காரவிடாதீர்கள்.

டோம்பிவிலி லோக்கல்
நவம்பர் 12, இரவு 9.25

ஒரு சந்தேகம். பட்டியை வெறும் தகட்டில் வைக்க வேண்டுமா, எபாக்ஸியின் மேலா? வெறும் தகட்டில் வைத்தால்தான் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெயிண்டர் சத்தியம் செய்கிறார்.

முலுண்ட் பெயிண்ட் கவுன்ட்டர்
நவம்பர் 12, இரவு 10.40

இரண்டு விதமாகவும் செய்கிறார்கள், பட்டி டப்பாவில் வெறும் தகடு என்றுதான் போட்டிருக்கும். உலர்ந்த ஊரில் அது ஓடும். நம் ஊரில் முதலில் எபாக்ஸி, அதை 180 நம்பரில் லேசாகச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் பட்டி. பட்டிக்குள் ஈரம் போனாலும் தகட்டுக்குப் போகாது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், காய்ந்தபடியே தேயுங்கள். சர்ஃபேசர் (பட்டிக்கு மேல் அடிக்கும் பூச்சு) அடித்த பிறகு தண்ணீர் விட்டு 600, 800 போகலாம். மொத்தப் பட்டி ஒரு நாணயத்தின் கனத்துக்கு மேல் போனால் டிங்கரிங் சரியில்லை என்று அர்த்தம்.

கோலிவாடா டிங்கர்
நவம்பர் 13, காலை 6.15

நாணயக் கனம் எதற்கு, காந்தம் நிற்க வேண்டும். நான் பெயிண்டருக்கு விடுமுன் தங்கச்சி அதே ஃபிரிட்ஜ் காந்தத்தோடு வந்து பார்க்கலாம்.

செம்பூர் மழை
டிசம்பர் 8, இரவு 9.50

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

மொத்தம் 41,500 ரூபாய். டிங்கரிங் கூலியும் தகடும் 22,000, பெயிண்ட் பொருளும் கூலியும் 16,500, ரப்பர் பீடிங், புது கார்ப்பெட், சீலன்ட், கேவிட்டி வாக்ஸ் (மூடிய பெட்டிக்குள் அடிக்கும் மெழுகு) எல்லாம் சேர்த்து 3,000. முழு வண்டியையும் பெயிண்ட் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கீழ்ப்பாதியும் பின்வளைவுகளும்தான். வெள்ளை வெயிலில் மங்கியிருந்ததால் கலரைப் பொருத்த மூன்று தடவை கலந்தார்கள். கலரையே மாற்றலாமா என்று தங்கை கேட்டாள். கலர் மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம்.

வெல்டிங் முடிந்த எல்லா ஓரத்திலும் சீம் சீலர் (இடுக்கை மூடும் பசை) இழுத்தார்கள். தகடு தகட்டின் மேல் ஏறும் இடத்தில்தான் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் என்று அண்ணாச்சி ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்து ஒரு வாரம் கழித்து, நீளக் குழாய் வைத்த கன்னை ரப்பர் மூடி ஓட்டைக்குள் விட்டு, இரண்டு ரன்னிங் போர்டுக்குள்ளும் கேவிட்டி வாக்ஸ் அடித்தார். ஓட்டைகளின் வழியாகத் தேன் நிறத்தில் சொட்டும்வரை அடித்தார். சொட்டு நின்ற பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பியை விட்டுத் திறந்து வைத்தார். போன தடவை அடைத்த கறுப்புக் கோட்டிங்கை முழுக்கச் சுரண்டி எடுத்தோம். அதை எடுக்க மட்டுமே ஒன்றரை நாள். அடியில் எல்லா இடத்திலும் துரு, மேலே ரப்பர் தோல் மட்டும் நன்றாக இருந்தது.

பெயிண்டருக்குப் போகுமுன் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. எடுக்கும்போது இழுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாக்பீஸ் அளவுகளைக் கதவு மாட்டிய பிறகு மறுபடி பார்த்தோம். நடுவில் மட்டும் அரை மில்லி வித்தியாசம். அப்பா கதவை விரலால் தள்ளினார், 'டக்' என்று மூடியது. முன்பு இரண்டு கையாலும் அறைந்து சாத்த வேண்டியிருந்த கதவு அது.

மறுபதிவுக்கான படிவம் 25 கொடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வண்டியைக் காட்டினோம். இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து ரன்னிங் போர்டைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தார். இன்னும் ஐந்து வருஷம்.

தானே வெல்டிங்
டிசம்பர் 8, இரவு 10.30

மனதுக்கு நிறைவாக இருக்கிறது. வண்டியை இனிமேல் எங்கே நிறுத்துகிறீர்கள்?

செம்பூர் மழை
டிசம்பர் 9, காலை 7.00

அதே குல்மொஹரின் அடியில்தான், சொசைட்டியில் எங்களுக்கு அந்த இடம்தான். வைப்பர் தொட்டியின் மேலே கொசுவலைக் கம்பியை வெட்டி வைத்திருக்கிறேன், இலை உள்ளே போகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அதைத் தட்டிவிடுகிறார். நேற்று குழாயைப் பிடித்து மேலேயிருந்து பத்து நிமிஷம் தண்ணீர் விட்டோம். அப்பா தரையில் பேப்பர் விரித்துப் படுத்து ஓட்டைகளை எண்ணினார். கதவுகளில் எல்லாமும் ரன்னிங் போர்டில் எட்டும் சொட்டின. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி டிஷ்யூ பேப்பர் வைத்து அழுத்தினேன், காய்ந்திருந்தது.

கோலிவாடா டிங்கர்
டிசம்பர் 9, இரவு 8.20

தங்கச்சி, ஜூன் கடைசியில் முதல் பெருமழை நின்று இரண்டு நாள் கழித்து, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூடியைக் கழற்றி விரல் விட்டுப் பார். மெழுகு வழவழவென்று கையில் ஒட்டினால் போட்டுவிட்டு மூடு. கையில் பழுப்பாக வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வா, டீ சொல்லி வைக்கிறேன். வலது பக்கம் பின்முனையில் நான் வைத்த ஒட்டை மட்டும் மறக்காமல் பார். அங்கே சேறு தெறிக்கும்.